வீட்டிற்கு வரும் சண்டைமீன்

(ஆண்டு விழாவின் பிற்பகல் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

முன்வரிசையில் பாய்மேல் அமர்ந்து 'இவர் பேச்சு எப்பொழுது முடியும், நாடகம் எப்பொழுது தொடங்கும்' என்று காத்திருக்கும் சிறுவர் சிறுமியரே!

ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றிப் பேசுவர். சிலம்பைப் பற்றிப் பேசுவர். சென்ற ஆண்டு இதே மேடையில் கம்பனைப் பற்றி ஓர் அன்பர் ஒன்றரை மணி நேரம் பேசியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இவ்வாண்டு செயலாளர் என் இல்லம் வந்து, "ஐயா, தாங்கள் மீன் வளர்ப்பதைப் பற்றிப் பேசவேண்டும்" என்று கூறியபொழுது, அவர் என்னை நகையாடுகின்றார் என்றே முதலில் எண்ணினேன். பிறகு காரணத்தை விளக்கினார். அக்காரணம் நகைப்பிற்குரியது அன்று.

பொங்கல் விடுமுறையில் நம் காலனிப் பிள்ளைகள் சிலர் ஆளுக்கொரு சண்டைமீன் வாங்கி வந்தனர். கடைக்காரர் மொழியில் 'ஃபைட்டர் மீன்'. தண்ணீர்த் தொட்டியின் பின்புறம் ஒரு பழைய கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டிரண்டாக விட்டு, எது வெல்லும் என்று பந்தயம் கட்டினர். கோலிக்குண்டுதான் பந்தயப் பொருள் என்று கேள்விப்பட்டேன். அந்த அளவில் நிம்மதி. ஆயினும் ஒரு வாரத்திற்குள் அத்தனை மீன்களும் இறந்தன. சில சண்டையில் இறந்தன. சண்டைக்கே போகாதவை ஊறுகாய்ப் புட்டியில் இறந்தன. பிள்ளைகளைக் கடிந்துகொள்வதற்காக நான் இங்கு வரவில்லை. கடிந்துகொள்ளும் தகுதியும் எனக்கு இல்லை. அது ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்லுகின்றேன்.

முதலில் இம்மீன் யாது, எங்கிருந்து வந்தது என்பதை அறிவோம். இதன் தாயகம் தாய்லாந்து. நம் முன்னோர் சயாம் என்று வழங்கிய நாடு. அங்கே நெல்வயல்களிலும் சேற்று நீரோடைகளிலும் ஆழமில்லாத சதுப்புகளிலும் வாழ்வது. 1910-ஆம் ஆண்டில் சார்லஸ் டேட் ரீகன் என்னும் ஆங்கிலேய மீனியல் அறிஞர் இதற்குப் 'பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்' என்று பெயர் சூட்டினார். தாய்லாந்து மக்கள் இதைப் 'பிளா கட்' என்பர். கடிக்கும் மீன் என்பது பொருள். 2019-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது. பாண்டியன் தன் கொடியில் மீனைப் பொறித்த பின்னர் மீனுக்கு அரசவையில் கிடைத்த பெருமை இதுதான் போலும்!

கடையில் நாம் காணும் நீலமும் செம்மையும், பட்டுப் புடவையின் முந்தானை போல விரியும் துடுப்பும் மனிதன் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததனால் வந்தவை. வயலில் வாழும் காட்டு மீன் குட்டைத் துடுப்பும் மங்கிய பழுப்புநிறமும் உடையது. சினங்கொண்டால் மட்டுமே ஒளிவிடும். அங்கும் அது சண்டையிடும். ஆயினும் ஒன்றை நன்கு கவனியுங்கள். வயலில் இரண்டு ஆண்மீன்கள் எதிர்ப்பட்டால் செவுளை விரித்து மிரட்டும், சிறிது நேரம் மோதும், தோற்றது ஓடிவிடும். ஓடுவதற்கு இடமுண்டு, ஆதலால் உயிர் தப்பும். கண்ணாடிப் பாத்திரத்தில் ஓடுவதற்கு இடம் ஏது? சண்டை சாவில் முடிவதற்கு மீனின் கொடுமையைக் காட்டிலும் பாத்திரத்தின் சிறுமையே காரணம்.

இதற்குச் சட்டமும் உண்டு என்பதைப் பெற்றோர் அறிதல் நலம். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனிதன் அல்லாத உயிர் அனைத்தையும் விலங்கு என்றே கொள்கின்றது. வேடிக்கைக்காக ஓர் உயிரை மற்றோர் உயிரோடு சண்டையிடத் தூண்டுவதைக் குற்றம் என்கின்றது. மீன் அதற்கு விலக்கன்று. அச்சட்டம் வருவதற்கு நாடாளுமன்றத்தின் மேலவையில் குரல் எழுப்பியவர் நம் சென்னைக் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் ஆவார்.

இனி, இம்மீன் அயல்நாட்டினது, நமக்கு உறவில்லாதது என்று எண்ணிவிடாதீர்கள். நெருங்கிய உறவினர் நம் மண்ணிலேயே இருக்கின்றனர். தஞ்சைத் தரணியிலிருந்து வந்த பெரியவர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். பனையேறிக் கெண்டையை நீங்கள் அறிவீர்கள். மழைக்காலத்தில் ஒரு குட்டையை விட்டு மற்றொரு குட்டைக்குத் தரையில் ஊர்ந்து செல்லும் மீன் அது. தரங்கம்பாடி டேனிஷ்காரர் கையில் இருந்த காலத்தில், டால்டார்ஃப் என்னும் படை அலுவலர் 1791-ஆம் ஆண்டில் நீர்நிலை ஓரத்துப் பனைமரத்தின் பட்டைப் பிளவில் இம்மீனைக் கண்டு பிடித்ததாக எழுதினார்; இலண்டன் லின்னேயன் கழகம் 1797-இல் அதை அச்சிட்டது. மீன் உண்மையிலேயே பனை ஏறுமா என்று அன்றுமுதல் அறிஞர் வாதிட்டு வருகின்றனர். ஏறினாலும் ஏறாவிட்டாலும், நீரைவிட்டு வந்தும் அது உயிரோடிருந்தது என்பதில் ஐயமில்லை. மற்றோர் உறவினரும் உண்டு. புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்து ஆற்றிலிருந்து எடுத்த ஒரு சிறு பழுப்பு மீனைப் பிரெஞ்சு அறிஞர் குவியே 1831-இல் விவரித்து, அந்த ஆற்றின் பெயராலேயே 'குபானஸ்' என்று அழைத்தார். அதுவும் சண்டைமீனின் குடும்பத்ததே. நம் நெல்வயல் வாய்க்காலில் வாழ்வதே.

இக்குடும்பத்தார் அனைவர்க்கும் பொதுவான சிறப்பு ஒன்றுண்டு. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு தனி உறுப்பு இருக்கின்றது. அதனால் இவை காற்றையும் சுவாசிக்கும். சண்டைமீன் சிறிது நேரத்திற்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிச் செல்லும். மேலே வரவொட்டாமல் தடுத்தால், நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறக்கும். மீன் நீரில் மூழ்கி இறப்பது வியப்பன்றோ? இந்த ஒரு திறமையே இதற்குக் கேடாகவும் முடிந்தது. காற்றைச் சுவாசிக்கும் மீன் எச்சிறு புட்டியிலும் சில நாள் உயிர் தாங்கும். தாங்குகின்றது என்பதைக் கண்டு, அதுவே அதற்குப் போதும் என்று வணிகர் கூறலாயினர், நாமும் நம்பலாயினோம்.

நானும் நம்பினேன். அக்கதையை இங்கே சொல்லியாகவேண்டும். என் மகளுக்கு அப்பொழுது ஒன்பது வயது. ஒரு நகரத்துக் கடையில் சிவப்பு நிறச் சண்டைமீன் ஒன்றைக் கண்டு வேண்டும் என்றாள். "இதற்குப் பெரிய தொட்டி வேண்டாம் சார், ஒரு பாட்டில் போதும், நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள்" என்றார் கடைக்காரர். வாங்கினேன். மார்கழி மாதம் அது. மகள் விடியலில் எழுந்து, பள்ளிக்குப் புறப்படும் முன் புட்டியின் நீர் முழுவதையும் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்து புதுநீர் பிடித்து மீனை அதில் விடுவாள். ஒருநாள்கூடத் தவறியதில்லை. என்னே அவள் கடமையுணர்வு என்று என் துணைவியாரிடம் பெருமையாகக் கூறிக்கொண்டேன். பதினோராம் நாள் காலை மீன் நீர்மேல் பக்கவாட்டில் கிடந்தது.

அவள் அழவில்லை. "நான் ஒருநாளும் மறக்கவில்லையே அப்பா; நான் என்ன தவறு செய்தேன்?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. "அதன் ஆயுள் அவ்வளவுதான் அம்மா" என்று கூறிச் சமாளித்தேன். அது பொய். நன்கு பேணினால் இம்மீன் இரண்டு முதல் நான்கு ஆண்டு வரை வாழும் என்பதைப் பின்னர் அறிந்தேன். அதைவிட என்னைச் சுட்ட செய்தி ஒன்று உண்டு. அந்த மீனைக் கொன்றது அவளுடைய கவனக்குறைவு அன்று. நாங்கள் கற்பித்த கவனமே. குழாய் நீரில் கலந்த பிளீச்சிங் பொடியின் குளோரினும், மார்கழி விடியற்காலை நீரின் குளிர்ச்சியும், நாள்தோறும் அடியோடு மாறிய நீரின் அதிர்ச்சியும் சேர்ந்து அதைச் சிறிது சிறிதாகக் கொன்றன. ஒரு குழந்தை அன்போடு செய்த ஒவ்வொரு செயலும் மீனுக்கு நஞ்சாயிற்று. இதை நான் கற்றுத் தெளிந்து அவளிடம் சொல்ல இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை அவள் மீன் கடைப் பக்கம் தலை திருப்பவில்லை.

ஆகவே முதல் மீன் வாங்க விழையும் இல்லத்தார்க்கு நான் கூறும் முதற்சொல் இது: மீனை வாங்காதீர்கள், முதலில் தொட்டியை வாங்குங்கள்!

தொட்டி 40 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 25 உயரம் இருந்தால் சிறப்பு. 20 சென்டிமீட்டர் வரை நீர் நிரப்பினால் 20 லிட்டர் கொள்ளும். எஞ்சிய ஐந்து சென்டிமீட்டர் மீன் மூச்சு விடுவதற்கு. மேலே மூடி கட்டாயம் வேண்டும், சண்டைமீன் துள்ளும். இரவில் துள்ளிக் குதித்துக் காலையில் எறும்பு மொய்த்துக் கிடக்கக் கண்டவர்கள் உண்டு. மூடியில் காற்றுத் துளை இருக்கவேண்டும். 20 லிட்டர் நீர் என்றால் 20 கிலோ எடை. ஆதலால் ஆடுகின்ற முக்காலி மேல் வைக்காதீர்கள். சன்னலோரத்து வெயிலிலும் வேண்டாம். தொலைக்காட்சிப் பெட்டியின் தலைமேலும் வேண்டாம்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றேன். மீன் வளர்ப்பு என்பது உண்மையில் நீர் வளர்ப்பே. நம் காலனியில் மூவகை நீர் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் ஒன்று. மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பொடி இட்டு வரும் குழாய் நீர் ஒன்று. குடிப்பதற்கு வாங்கும் ஆர்.ஓ. நீர் ஒன்று. "நாங்கள் குடிக்கும் நல்ல நீரையே மீனுக்கும் விட்டோம்" என்று ஓர் அம்மையார் என்னிடம் பெருமையாகக் கூறினார். அன்பு பெரிது, ஆயினும் ஆர்.ஓ. நீரில் மீனின் உடலுக்கு வேண்டிய உப்புச்சத்துகள் வடிக்கப்பட்டு விடுகின்றன. அதை மட்டும் தனியே விடுதல் ஆகாது. குழாய் நீரை அகன்ற வாளியில் திறந்து வைத்து ஒரு பகல் ஓர் இரவு கழித்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். அவசரமானால் மீன் கடைகளில் விற்கும் ஹைப்போ படிகம் சிறிது போதும். முற்காலத்தில் புகைப்படம் கழுவுவோர் பயன்படுத்திய அதே பொருள்தான். கிணற்று நீரில் குளோரின் இல்லை. ஆயினும் நிலத்தடியிலிருந்து வந்தவுடன் அதில் உயிர்வளி குறைவு. அதனையும் ஓர் இரவு வாளியில் வைத்துப் பின்னர் விடுக. நம் பக்கத்துக் கிணற்று நீர் கடினமானது என்று அஞ்சவேண்டா. சண்டைமீன் அதற்குப் பழகிக்கொள்ளும். அன்றாடம் ஒரு வகை நீராக மாற்றுவதைத்தான் அதனால் தாங்க இயலாது.

இனிச் சொல்லப்போவது தாய்மார்களுக்கு எளிதில் விளங்கும். பாலில் உறை ஊற்றாமல் தயிர் கிடைக்குமா? தொட்டி நீரும் அத்தகையதே. மீனின் கழிவும் அது தின்னாது விட்ட உணவும் அழுகி அம்மோனியா என்னும் நஞ்சாகும். நீரில் வளரும் ஒருவகை நுண்ணுயிர் அதை உண்டு நைட்ரைட்டு ஆக்கும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டு ஆக்கும். அது அத்துணைக் கொடியதன்று. நீரைச் சிறிது மாற்றினால் குறையும். இவ்விரு வகை நுண்ணுயிரும் புதுத் தொட்டியில் இல்லை. தாமாக வளர்ந்து பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால், உறையாத பாலில் உப்பைப் போட்டு மோர் என்று குடித்தது போலத்தான்! பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து ஒரு கைப்பிடிக் கூழாங்கல்லோ, நீர் வடிகட்டும் பஞ்சோ ஈரம் உலராமல் வாங்கி வந்து இட்டால், அதுவே உறை. காத்திருக்கும் நாள் வெகுவாகக் குறையும். அக்கல்லைக் குழாய் நீரில் கழுவிவிடாதீர்கள். குளோரின் பட்டால் உறை செத்துவிடும்.

இதிலிருந்தே மற்றோர் உண்மையும் புலப்படும். என் மகள் செய்தது போல் நீர் முழுவதையும் மாற்றுவது உறையைக் கழுவி ஊற்றுவதாகும். 20 லிட்டர் தொட்டியில் வாரம் ஒருமுறை ஐந்து லிட்டர் எடுத்து, பழகிய ஐந்து லிட்டர் ஊற்றினால் போதுமானது. புதிய நீரும் பழைய நீரும் தொட்டுப் பார்த்தால் ஒரே சூடாக இருக்கவேண்டும். தொட்டியைச் சவர்க்காரம் இட்டுத் துலக்கவே கூடாது. மெல்லக் குமிழி விடும் பஞ்சு வடிகட்டி ஒன்று வைக்கலாம். நீரை வேகமாகச் சுழற்றும் கருவி வேண்டா. நீண்ட துடுப்புடைய மீன் வெள்ளத்தில் வேட்டி கட்டியவன் போல அல்லற்படும். மின்சாரம் நின்றால்? அதற்கும் கவலை வேண்டா. காற்றைச் சுவாசிக்கும் மீன் ஆதலால் ஓரிரவு பொறுக்கும். நம் ஊர் மின்வெட்டிற்கு இதைவிடப் பொருந்திய மீன் வேறில்லை.

குளிருக்குத்தான் பொறுக்காது. 24 முதல் 28 டிகிரி செல்சியசு வரை நீர் இருத்தல் நலம். சித்தூரைவிட்டுப் பலமநேர் மேட்டை நோக்கி ஏறும் வழியில் இருக்கின்றோம் நாம். மார்கழி, தை இரவுகளில் நம் வீட்டுச் சிமெண்டுத் தரை எவ்வாறு குளிரும் என்பதைச் சென்னையிலிருந்து வரும் உறவினரைக் கேட்டால் தெரியும். அம்மாதங்களில் 25 வாட் அளவுள்ள சிறு சூடேற்றி ஒன்று வாங்கிவிடுங்கள். வாங்க இயலாதோர் தொட்டியை உள்ளறைக்கு மாற்றி, சுவரை விட்டுத் தள்ளி, அடியில் தடித்த தெர்மகோல் அட்டை வைத்து, இரவில் துணி சுற்றினால் ஓரளவு உதவும். கோடையில் நிழலும் காற்றோட்டமும் போதும். பனிக்கட்டியை நீரில் போட்டுவிடாதீர்கள்.

தொட்டிக்குள் என்ன வைப்பது? கூர்மையான ஞெகிழிச் செடி துடுப்பைக் கிழிக்கும். வேலம்பாசி போன்ற மென்மையான செடி சிறந்தது. ஒளிந்துகொள்ள ஒரு சிறு மண்சட்டி ஓரம் மழுங்கியதாகப் பார்த்து வையுங்கள். மேலும் நம் காலனி வாயிலில் நிற்கின்றதே பாதாம் மரம், நாட்டு வாதுமை, அதன் சிவந்து உதிர்ந்து நன்கு காய்ந்த இலை ஒன்றைக் கழுவி நீரில் இடுங்கள். தாய்லாந்தில் மீன் வளர்ப்போர் நெடுங்காலமாகச் செய்துவரும் முறை அது. நீர் தேநீர் நிறம் பெறும், அழுக்கென்று அஞ்சவேண்டா. அந்நிற நீரில் மீன் அமைதியாக இருக்கும். சில நுண்கிருமிகளின் வளர்ச்சியும் அதில் தடைப்படும். சாலையோரத்துப் புகை படிந்த இலையையும் மருந்தடித்த இலையையும் தவிர்த்துவிடுங்கள். மாந்தோப்பு சூழ்ந்த நம் ஊரில் இந்த எச்சரிக்கை தேவையே.

இத்தனையும் ஆயத்தமான பின் மீன் வாங்கப் புறப்படலாம். முற்காலத்தில் சென்னைவாசிகள் வளர்ப்பு உயிர்களை வாங்க மூர் மார்க்கெட்டுக்குப் போவர். 1900-இல் திறக்கப்பெற்று, 1985-இல் தீக்கிரையான அந்தச் சந்தையை இங்குள்ள முதியோர் சிலரேனும் கண்டிருப்பீர்கள். அது திறக்கப்பெற்ற பின்னர், 1909-இல் மெரீனாக் கடற்கரையில் ஒரு மீன் காட்சிச்சாலை திறக்கப்பெற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடிவிட்டனர். இன்று வண்ணமீன் என்றால் சென்னைக் கொளத்தூர்தான். அப்பகுதியில் வீட்டு மாடியிலும் கொல்லையிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் பெருக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. சண்டைமீனை மட்டும் ஒன்றையொன்று கடிக்காதபடி தனித்தனிப் புட்டிகளில் வரிசையாக அடுக்கி வளர்ப்பர். அது விற்பனைக்கு முன் சில காலம் தங்கும் சத்திரம், அதுவே வீடாகாது.

கடையில் அழகைப் பார்த்து மயங்காமல் உடல்நலத்தைப் பாருங்கள். விரலைப் புட்டியருகே நகர்த்தினால் மீன் திரும்பிப் பார்க்கவேண்டும். இயன்றால் சினந்து செவுளை விரிக்கவேண்டும். அடியில் சாய்ந்து கிடப்பதும், துடுப்பை உடலோடு ஒட்டி வைத்திருப்பதும் நன்றல்ல. உடல்மேல் உப்புத்தூவியது போல் வெண்புள்ளி இருந்தால் அது நோய். துடுப்பின் ஓரம் கருகியதுபோலோ அரித்ததுபோலோ இருந்தாலும் விட்டுவிடுங்கள். வயிறு வீங்கி, செதில்கள் அன்னாசிப்பழத் தோல் போலச் சிலிர்த்து நின்றால் அம்மீன் பிழைப்பது அரிது. இரக்கப்பட்டு நோயுற்ற மீனை வாங்குவோர் உண்டு. அவர்களை நான் குறைகூறேன். ஆயினும் குழந்தையின் முதல் மீன் அத்தகையதாக இருத்தல் வேண்டா. இன்னொன்று: அரைவட்டமாக விரியும் 'ஹாஃப்மூன்', முள்முள்ளாகப் பிரியும் 'கிரவுன்டெயில்' என்பன கண்ணைக் கவரும், விலையும் மிகுதி, அத்துணைத் துடுப்பையும் சுமந்து நீந்துவது அவற்றிற்குப் பெரும்பாரம். குட்டைத் துடுப்புடைய 'பிளாகட்' வகை சுறுசுறுப்பானது. புதிதாகத் தொடங்குவோர்க்கு அதையே நான் பரிந்துரைப்பேன். என் மகள் இக்கருத்தை ஏற்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகின்றேன்.

ஒன்றே வாங்குங்கள். இரண்டு ஆண்மீன் கூடாது என்பது தெரிந்ததே. ஆணையும் பெண்ணையும் ஒருங்கே விடுவதும் தவறு. இனப்பெருக்க வேளை தவிர்த்து ஆண் பெண்ணைக் கடித்துத் துரத்தும். "தனியே இருந்தால் அதற்கு வருத்தமாக இராதா?" என்று குழந்தைகள் கேட்பார்கள். இராது. தனக்கென ஓர் எல்லை வகுத்து வாழும் உயிர் அது. மகிழ்ச்சியாக இருக்கும் ஆண்மீன் தானே நீர்மேல் நுரைக்கூடு கட்டும். முட்டைகளை அந்நுரையில் வைத்துக் காப்பதும், கீழே விழுவதை வாயால் எடுத்து மீண்டும் கூட்டில் சேர்ப்பதும் தந்தை மீனின் வேலை. சண்டைக்காரன் என்று பெயரெடுத்தவன் வீட்டில் இவ்வளவு பொறுப்புடையவனாக இருக்கின்றான்!

சென்னையிலிருந்து நம் ஊர் வர அரைநாள் பயணம். பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் இரண்டு பங்கு காற்றும் இருக்கட்டும். இருட்டான துணிப்பையில் வைத்து, வெயில் படாமல், பேருந்தின் என்ஜின் சூடு தாக்காமல் கொண்டுவாருங்கள். வீடு சேர்ந்ததும் பையை அவிழ்க்காமல் தொட்டி நீர்மேல் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் ஊற்றிப் பழக்கி, கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கடை நீர் தொட்டியில் கலக்கவேண்டா. முதல் நாள் உண்ணாவிட்டால் கலங்காதீர்கள்.

உணவைப் பற்றி ஒரே செய்திதான்: குறைவாகக் கொடுங்கள். இதன் இரைப்பை ஏறத்தாழ இதன் கண் அளவே. சிறு குருணை உணவு காலையில் மூன்று, மாலையில் மூன்று. வாரத்தில் ஒருநாள் விரதம். புழு பூச்சி தின்னும் உயிர் இது. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுவது போல இதற்குப் போடவேண்டா. சோறு, ரொட்டி, பிஸ்கட்டு எவையும் ஆகா. கொசுப்புழுவை விரும்பித் தின்னும் என்பது உண்மை. ஆயினும் அதற்காக வீட்டில் நீர் தேக்கிக் கொசு வளர்த்தால் மீன் பிழைக்கும். அண்டைவீட்டார் டெங்குக் காய்ச்சலில் படுப்பர்!

நமக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவிற்கும் சொந்த ஊர் போகின்றோம். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுக்கின்றோம். முதலாம் ஆண்டு எங்கள் தெலுங்குத் தோழியிடம் உணவுப் புட்டியையே கொடுத்துவிட்டுப் போனார் என் துணைவியார். 'பாவம், சேப பசியோடு இருக்குமே' என்று அந்த அம்மையார் நாள்தோறும் ஒரு கரண்டி கொட்டியிருக்கின்றார். திரும்பி வந்தபொழுது தொட்டி பாயசம் போல இருந்தது. மீன் எப்படியோ பிழைத்தது. அதுமுதல், ஐந்தாறு நாள் பயணமென்றால் உணவே கொடுக்கவேண்டா என்று கேட்டுக்கொள்கின்றோம். நலமுள்ள வளர்ந்த மீன் அதைத் தாங்கும். அதற்கு மேற்பட்ட நாளென்றால், ஒவ்வொரு வேளைக்கும் மூன்று குருணையைத் தாளில் மடித்து, நாளைக் குறித்துக் கொடுத்துவிடுகின்றோம். விபூதிப் பொட்டலம் என்று அந்த அம்மையார் அதற்குப் பெயர் வைத்திருக்கின்றார்.

நோய் வந்தால் கடையில் விற்கும் வண்ண வண்ண மருந்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றாதீர்கள். முதலில் நீரைப் பாருங்கள், சூட்டைப் பாருங்கள். பெரும்பான்மை நோயும் அவ்விரண்டில் தொடங்குவதே. வளர்க்க இயலாமற் போனால் வளர்க்கக்கூடிய ஒருவரிடம் ஒப்படையுங்கள், ஏரியில் விட்டுவிடாதீர்கள். புண்ணியம் என்று விடுவோர் உண்டு. அயல்நாட்டு மீன் நம் ஏரியில் ஒன்று இறக்கும்; அல்லது நோயைப் பரப்பி நம் ஊர் மீனுக்கு இன்னல் விளைக்கும்.

என் மகளுக்கு வருவோம். உண்மையை அவளிடம் சொன்ன நாளில் அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் தெரியாமல்தான் செய்தேன், இல்லையா அப்பா?" என்றாள். இரண்டு ஆண்டு அதை நெஞ்சில் சுமந்திருந்தாள் போலும். மறுமாதம் தொட்டி வாங்கினோம். ஐந்து வாரம் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தோர் எல்லாரும் "மீன் எங்கே?" என்று கேட்டுச் சிரித்தனர். ஆறாம் வாரம் நீலநிற மீன் ஒன்று வந்தது. மூன்று ஆண்டிற்கு இரண்டு மாதம் குறைவாக எங்களோடு வாழ்ந்தது. முதுமையில் நிறம் மங்கி, மேலே வந்து மூச்சு வாங்கவும் களைத்தது. அவள் தொட்டி நீரைப் பாதியாகக் குறைத்து, மேற்பரப்பு எட்டும் உயரத்தில் ஒரு தட்டையான கல்லை வைத்தாள். அக்கல்மேல் அமர்ந்து அது மூச்சு வாங்கும். அதை நான் அவளுக்குக் கற்பிக்கவில்லை.

பொங்கலன்று மீன் வாங்கிய பிள்ளைகளே, நீங்களும் தெரியாமல்தான் செய்தீர்கள். இனித் தெரியும். விழா முடிந்ததும் சங்க நூலக அறைக்கு வாருங்கள். அங்கே சன்னலை விட்டுத் தள்ளி, மேசைமேல் எங்கள் தொட்டி இருக்கின்றது. இப்பொழுது உள்ளே இருப்பது சிவப்பு மீன். அடியில் உள்ள கூழாங்கற்கள் ஏழு ஆண்டுப் பழையவை. தொட்டி வாங்கியிருப்போர் மூடியுள்ள சிறு டப்பா ஒன்று கொண்டுவந்தால், தொட்டி நீரோடு ஒரு கைப்பிடிக் கல் அள்ளித் தருகின்றேன். தொட்டி இன்னும் வாங்காதவர்கள் இன்று வெறுங்கையோடு வந்து மீனைப் பாருங்கள். கல் எங்கும் போய்விடாது. கண்ணாடியைத் தட்டவேண்டா.